செவலையைத் திருப்பி விடச் சொல்லாதீர்கள்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும்,

வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தேன். காப்பகத்திலிருந்து கொண்டுவந்த தெருநாயை ஏழு நாட்களுக்குள் அகற்ற வேண்டும், லிப்டில் நாய்களை ஏற்றக் கூடாது என்ற விதியும் தொடரும் என்று இருந்தது. வீட்டு எண் போடாவிட்டாலும் எங்கள் வீட்டுச் செவலையைத்தான் சொல்கிறீர்கள் என்று வளாகத்துக்கே தெரியும். அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

செவலைக்கு முன்னால் எங்களிடம் இருந்த நாய் ஜிம்மியை உங்கள் எல்லாருக்கும் தெரியும். 13 வருடம் இங்கே வளர்ந்தவன். லிப்ட் விதி வந்தபோது அவனுக்கு 11 வயது, பின்னங்கால் மூட்டுகள் தேய்ந்துபோயிருந்தன. நான் வந்து முறையிட்டதற்கு, 'கையில் தூக்கிக்கொண்டு போனால் பரவாயில்லை' என்று வாய்மொழியாகச் சொன்னீர்கள். ஐந்து கிலோ நாய்க்கு அது சரி. ஜிம்மி 24 கிலோ.

அப்புறம் சிறுநீரகம் கெட்டுவிட்டது. அந்த நோய் வந்த நாய் ஓயாமல் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி ஒன்றுக்குப் போகும். வீட்டுக்குள்ளேயே ஒன்றுக்குப் போக அவனுக்கு மனசு வராது. கதவோரம் நின்று என் முகத்தையே பார்ப்பான். பகலில் ஐந்து தடவை, ராத்திரியில் இரண்டு தடவை, நான்காவது மாடியிலிருந்து 72 படிகள். இறங்கும்போது அவனுக்கு முன்னால் நின்று காலால் அணை கொடுப்பேன். ஏறும்போது வயிற்றுக்கு அடியில் ஒரு பழைய துண்டைக் கொடுத்துப் பின்பக்கத்தைத் தூக்கிவிடுவேன். பக்கத்திலேயே லிப்ட் காலியாக நின்றுகொண்டிருக்கும்.

கடைசி ராத்திரி இரண்டு மணிக்கு அவனுக்கு வலிப்பு வந்தது. படுக்கை விரிப்பில் கிடத்தி, நானும் என் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு இறங்கினோம். மகன் லிப்ட் பொத்தானை அழுத்தப் போனான். வேண்டாம்டா, நாளைக்குப் பேச்சு வரும் என்று நான்தான் தடுத்தேன். அதை நினைத்து இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க விரிப்பைத் தரையில் இறக்கினோம். அங்கேயே அவனுக்குச் சிறுநீர் போய்விட்டது. விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். திரும்பி வந்ததும் நான் முதலில் செய்த காரியம், யாராவது எழுந்து பார்த்துவிடக் கூடாதே என்று பினாயிலும் துணியும் எடுத்துப்போய் அந்தப் படியைத் துடைத்தது. அழுவதற்கு முன்னால் துடைத்தேன்.

எந்த விதியும் ஒரு வீட்டை இந்த நிலைக்குக் கொண்டுவரலாமா? யோசித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் எங்கள் வீடு வீடாக இல்லை. விடிகாலை ஐந்து மணிக்கு உடம்பு தானாக எழுந்துகொள்ளும். என் மாமியார் சாப்பாட்டில் கடைசி உருண்டைத் தயிர்சாதத்தைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, கொடுக்க ஆள் இல்லையே என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார். 'ஒரு நாய்க்கு இவ்வளவா?' என்று படிக்கட்டில் கேட்டவர்கள் உங்களிலும் இருக்கிறார்கள். மாமியார்தான் ஒருநாள், 'அவன் இடத்துக்கு வேண்டாம், இடமே இல்லாத ஒன்றைக் கூட்டிவா' என்றார். அப்படி வந்தவள்தான் செவலை. காப்பகத்தில் மற்ற நாய்களெல்லாம் கம்பி மேல் பாய்ந்தபோது, இவள் மட்டும் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டிலும் முதல் ஒன்பது நாள் கட்டிலுக்கு அடியில்தான். பத்தாம் நாள் மாமியார் காலடியில் வந்து படுத்தாள்.

அவள் காது வெட்டுப்பட்டிருப்பதைக் காட்டி, சண்டைக்கார நாய் என்று குழந்தைகளிடம் சொல்லியிருக்கிறார்கள். அது கடிபட்ட காது இல்லை. கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசியும் போட்ட நாய் என்பதற்கு அடையாளமாக வைக்கும் வெட்டு. மாநகராட்சி உரிமமும் எடுத்தாயிற்று. நகல் வேண்டுமானால் இன்றே தருகிறேன்.

ஊரில் நிறையப் பணம் கொடுத்துக் குளிர்தேசத்து ஹஸ்கி நாயை வாங்குகிறார்கள். சென்னை வெயிலில் அதை வளர்க்க முடியாமல் கடைசியில் தெருவில் விட்டுவிடுகிறார்கள். தெருவில் நாய் பெருகிவிட்டது என்று புகாரும் சொல்கிறோம். ஒரு குடும்பம் ஒன்றை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டால், அதையும் மறுபடி தெருவில் விடச் சொல்கிறோம். எந்தப் பக்கம் போனாலும் அடி அந்த வாயில்லா ஜீவனுக்குத்தான்.

சட்டம் பேசி உங்களை மிரட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். குடியிருப்போர் சங்கம் பெரும்பான்மை முடிவெடுத்தாலும் நாய் வளர்க்கத் தடை போட முடியாது, லிப்டை மறுக்கக் கூடாது, அதற்கெனத் தனிக்கட்டணமும் கேட்கக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. திருவான்மியூரில் குடியிருக்கும் நாம் தினமும் கடந்துபோகும் கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவிதான் அந்த வாரியத்தின் முதல் தலைவர். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்ததற்கு முன்னால் நாடாளுமன்றத்தில் அதற்காகப் போராடியவரும் அவரே.

நாய்க்குப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பயம் நியாயம்தான். லிப்டில் வேறு யாராவது இருந்தால் நான் அடுத்த தடவைக்குக் காத்திருக்கிறேன். குட்டைக் கயிற்றில்தான் கூட்டிப்போவேன். எங்கே அசுத்தம் செய்தாலும் அந்த நிமிடமே சுத்தம் செய்வேன். அதை 13 வருடமாகச் செய்துதான் வருகிறேன்.

செவலைக்கு இப்போது கால் நன்றாக இருக்கிறது, படியில் துள்ளித்தான் இறங்குகிறாள். இரண்டாவது மாடித் திருப்பம் வந்தால் நான் ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன். அவளும் கயிற்றை இழுக்காமல் கூடவே நிற்கிறாள். அவளுக்கும் ஒருநாள் வயசாகும். அன்றைக்கு அவளை விரிப்பில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்க என்னால் முடியாது.

நீங்கள் சொன்ன ஏழு நாள் வரும் ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் குழுவைக் கூட்டுங்கள், என்னையும் கூப்பிடுங்கள். தயவுசெய்து அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள், லிப்ட் விதியையும் சேர்த்து.

மரியாதையுடன்,
நான்காவது மாடியில் குடியிருப்பவள்