நாகேஷின் கால்களை வெட்டாதீர்கள்

பழைய தமிழ்ப் படங்களை ஒளிபரப்பும் தொலைக்காட்சி நிர்வாகிகளுக்கும், அவற்றின் உரிமையை வைத்திருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற ஞாயிறு மதியம் ஒரு சேனலில் ‘சர்வர் சுந்தரம்’ போட்டார்கள். 1964இல் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த படம் என்று அப்பா காலையிலிருந்தே காத்திருந்தார். கப்புகளை உயரமாக அடுக்கி ஏந்திக்கொண்டு நாகேஷ் வரும் காட்சி வந்தது. அடுக்கின் உச்சி திரையில் இல்லை. அவர் கால்களும் இல்லை. “எப்போ சரியுமோன்னு அதையேதானே பாத்துக்கிட்டு இருப்போம், அதையே காணோமே” என்றார் அப்பா. கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விட்டார்.

காரணம் உங்களுக்குத் தெரியும். அந்தக் காலப் படத்தின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய 4:3, இன்றைய டிவிக்கு அது 16:9. திரை நிரம்ப வேண்டும் என்று மேலும் கீழும் நறுக்கினால் நாலில் ஒரு பங்கு படம் போய்விடும். சரி, நறுக்காமல் பக்கவாட்டில் இழுத்தாலோ, அந்த ஒல்லியான உடம்பு ஊதிப்போகிறது. அம்மைத் தழும்பு முகத்தையும் அந்த உடம்பையும் வைத்துக்கொண்டுதான் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர் கதாநாயகனாக நின்றார்.

நாகேஷ் உச்சி முதல் உள்ளங்கால் வரை நடித்தவர். ‘திருவிளையாடல்’ தருமி தனியாகப் புலம்பும்போது அந்த முதுகும் முழங்காலும் என்ன பாடுபடும்! ‘மகளிர் மட்டும்’ படத்தில் பிணமாக வந்தார். தொங்கும் கையும் துவளும் காலும்தான் அங்கே நடிப்பு. ‘எதிர்நீச்சல்’ மாது மாடிப்படிக்கு அடியில் வாழ்பவன். தலைக்கு மேல் அந்தப் படி தெரிய வேண்டாமா? இதே மனிதர்தான் ‘அபூர்வ சகோதரர்கள்’ வில்லன், ‘நம்மவர்’ படத்தில் மகளைப் பறிகொடுத்த தகப்பன். தேசிய விருது அந்த ஒரு படத்துக்குத்தான் கிடைத்தது. பத்ம விருது ஒன்றுகூடக் கொடுக்காமல் 2009 ஜனவரி 31இல் அவரை அனுப்பி வைத்தோம். அந்தப் பழி உங்களுடையது அல்ல. ஆனால் அவர் விட்டுப்போன படங்கள் உங்கள் கையில்தான் இருக்கின்றன.

டைட்டிலையும் பாதியில் வெட்டிவிடுகிறீர்கள், ஒளிப்பதிவு செய்தவர் பெயர்கூடத் தெரிவதில்லை. போதாததற்கு மிச்சமிருக்கும் படத்தின் மேல் விளம்பரப் பட்டை வேறு ஓடுகிறது. ஒரு சிற்பத்தை இப்படி உடைத்து வைத்தால் ஊர் சும்மா இருக்குமா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். எடுத்த அளவிலேயே படத்தைக் காட்டுங்கள். இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்துவிட்டுப் போகட்டும், நாங்கள் யாரும் குறை சொல்ல மாட்டோம். அப்படிப் போடும் நாளை மட்டும் முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். அப்பாவை மறுபடி கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும்.

அன்புடன்,
ஒரு ரசிகரின் மகன்