தம்பி, அந்த இரண்டு வரிகளையும் அழித்துவிடு

அலிஸ் ஸ்பிரிங்ஸ்,
அவுஸ்திரேலியா.

அன்புத் தம்பிக்கு,

மாமாங்கேஸ்வரர் துணையால் நான் நலம். அம்மா, மச்சாள், பிள்ளைகள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

மட்டக்களப்பில் உல்லாசப் பயணிகளை ஏற்றிப்போகும் உன் வானுக்கு (வேனுக்கு) எழுதிய விளம்பரப் பலகையின் படம் கிடைத்தது. பாசிக்குடா, கல்லடிப் பாலம், வாவியில் படகு, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. "வாகரையில் வேடர்களைப் பார்க்கலாம், பாண்டிருப்பில் தீ மிதிப்பதை முன்வரிசையில் நின்று படம் எடுக்கலாம்" என்ற கடைசி இரண்டு வரிகள்தாம் தொண்டையில் முள்ளாக நிற்கின்றன. வான் கடன் உன் கழுத்தை நெரிக்கிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அவற்றை அழித்துவிடு. ஏன் என்று சொல்கிறேன், கோபிக்காமல் வாசி.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் பலர் இந்த மண்ணின் பூர்வீகக் குடிகள். அவர்களில் ஒருவர் இறந்தால் அந்தப் பெயரை நெடுநாள் எவரும் உச்சரிப்பதில்லை, படத்தையும் மறைத்துவிடுவார்கள். அதே பெயருள்ள இன்னொருவர் உயிரோடு இருந்தால், அவரையும் சில காலம் வேறு பெயரால்தான் கூப்பிடுவார்கள். இறந்தவர்களின் உருவம் வரக்கூடும் என்று தொலைக்காட்சியில்கூட முன்கூட்டியே எழுத்துப் போடுகிறார்கள். அப்பாவின் படத்தைப் பெரிதாக்கி, மாலை போட்டு, மின்குமிழும் பூட்டி விறாந்தையில் மாட்டியவர்கள் நாம். நமக்கு அது அன்பு. இவர்களுக்கு இது அன்பு.

அண்மையில் ஒரு மூதாட்டி காலமானார். உறவினர்கள் வந்து பச்சை இலைக் கொப்புகளைக் கொளுத்தி, அறையின் மூலைமுடுக்கெல்லாம் புகை காட்டினார்கள். அவர்கள் வருவதற்கு முன்பே எங்கள் மேற்பார்வையாளர் ஏணி வைத்து ஏறி, கூரையில் இருந்த தீ எச்சரிக்கைக் கருவியின் வாயை மூடிக் கட்டிவிட்டு வந்தார். அவரும் உள்ளே நுழையவில்லை, எங்களையும் விடவில்லை. மகள் வாசலுக்கு வந்து கையசைத்த பிறகுதான் போனோம். பெரிய பெரிய பேச்சுகளை விட அந்த ஏணிதான் எனக்குப் பிடித்தது.

இங்கிருந்து கிட்டத்தட்ட 450 கிலோமீட்டரில் உலுரு இருக்கிறது. 348 மீற்றர் உயரத்தில், செக்கச்செவேலென்று தரையிலிருந்து முளைத்தது போன்ற ஒற்றைக் கல். அந்த மண்ணின் பூர்வீகக் குடிகளான அனாங்கு மக்களுக்கு அது முன்னோரின் இடம். 1964இல் பாறையில் சங்கிலி அடித்து, உல்லாசப் பயணிகள் பிடித்து ஏற வழி செய்தார்கள். 1985 ஒக்டோபர் 26இல் நிலம் சொந்தக்காரர்களிடம் திரும்பி வந்தது. அவர்கள் அதைப் பூங்காவுக்காக 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசாங்கத்திடமே கொடுத்தார்கள். ஏறாதீர்கள் என்று அடிவாரத்தில் பலகை வைத்துக் கேட்டும் பார்த்தார்கள். பலகையை வாசித்துவிட்டே ஏறியவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஏறப்போய் இறந்தவர்கள் 35 பேருக்கும் மேல். தங்கள் மண்ணில் விருந்தாளி செத்தால் அந்தத் துக்கமும் தங்களுக்குத்தான் என்று அனாங்கு முதியவர்கள் சொன்னார்கள். கடைசியில் 2019 ஒக்டோபர் 26இலிருந்து ஏறுவதையே நிறுத்தினார்கள். அதற்கு முந்தைய நாட்களில், இனி ஏற முடியாதே என்று முண்டியடித்து வரிசையில் நின்ற கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே!

வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டுப் போக முடியாது. நம்மவர்கள் சிலரோடு உலுருவுக்குப் போயிருந்தேன். கூட வந்த ஓர் ஐயா பாறையடியில் உருண்டையான கல்லொன்றைக் கண்டு, "கொக்கட்டிச்சோலைச் சிவன் மாதிரித் தானாகத் தோன்றிய இலிங்கம், தான்தோன்றி" என்று கண் கலங்கிக் கையில் எடுத்துவிட்டார். வீட்டுச் சாமியறையில் வைக்கப் போகிறாராம்! அவமதிக்கும் எண்ணம் அவரிடம் துளியும் இல்லை, பக்திதான். ஆனால் கல் இன்னொருவருடையது. இப்படி எடுத்துப் போனவர்கள் பலர் பிறகு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கற்களைத் தபாலில் திருப்பி அனுப்புகிறார்கள் என்று நான் எடுத்துச் சொன்னபோதுதான் ஐயா கீழே வைத்தார். அதுவும் முகத்தைத் தூக்கிக்கொண்டு.

பிறர் புனிதமாக நினைப்பதைச் சட்டத்தாலும் பொலிஸாலும் மட்டும் காப்பாற்ற முடியாது. கையில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்த பிரித்தானியப் பெண்ணை 2014இல் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடித்து நாடு கடத்தினார்களே, நினைவிருக்கிறதா? அவர் பௌத்தத்தைப் பின்பற்றுபவர். 2017இல் உயர் நீதிமன்றம் அவருக்கு 8 இலட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. பிடித்தவர்கள் அவரிடம் கேட்டுப் பேசியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும்.

இனி வாகரை. இலங்கையின் பூர்வீகக் குடிகளான வேடர்கள் அங்கே தமிழ் பேசுகிறார்கள், கடலிலும் களப்பிலும் மீன் பிடிக்கிறார்கள். 1911இல் ஆய்வாளர்களான செலிக்மன் தம்பதியர் வேடர்களைப் பற்றி எழுதிய நூலிலேயே கரையோர வேடர்களுக்குத் தனி அத்தியாயம் உண்டு. இன்று நேற்று முளைத்தவர்களல்லர். வில்லும் அம்பும் தேடி வருகிற பயணி அங்கே ஏமாந்து போவான். அவன் கொடுத்த காசுக்கு ஏமாறக் கூடாதென்று நீ யாராவது ஒரு பெரியவரைக் கோடரியைத் தோளில் வைத்து நிற்கச் சொல்வாய். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதே, கடன்காரன் எதையும் செய்வான். முதலில் வானில்லாமல் நீ மட்டும் போ. அவர்களுடைய பெரியவர்களோடு இருந்து பேசு. ஆட்கள் வருவதில் அவர்களுக்கு விருப்பமா, எந்தச் சடங்குக்கு வரலாம், எதற்கு வரக் கூடாது, வரும் பணத்தில் அவர்களுக்கு எவ்வளவு என்பதை அவர்கள் வாயாலேயே கேள். வேண்டாம் என்றால் அதோடு விடு.

பாண்டிருப்புத் தீப்பள்ளயத்துக்கும், அதுதான் அந்தத் தீ மிதிப்புக்கும், அப்படித்தான். 18 நாள் சடங்கு அது. தீயில் இறங்குகிறவர்கள் விரதத்தில் இருப்பவர்கள். கெமராவுக்கு முன்வரிசை விற்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? கோயில் நிர்வாகத்தாரிடம் கேட்டு, எங்கே நிற்கலாம், எதைப் படம் எடுக்கலாம் என்று தெரிந்துகொள். உடுப்பையும் செருப்பையும் பற்றி முதல் நாள் இரவே தங்குமிடத்தில் வைத்துச் சொல். கோயில் வாசலில் சொன்னால் வருகிறவனுக்கும் வெட்கம், உனக்கும் சண்டை. சொன்னால் கேட்கிற பயணிகள்தாம் கூடுதல். கேட்க மாட்டேன் என்பவனைப் பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்துக்குக் கூட்டிப்போ. வாவியில் மீன் பாடுவதாகச் சொல்லும் அந்த ஓசையைக் கேட்க எவருடைய அனுமதியும் தேவையில்லை.

வான் தவணையில் பாதியை இந்த மாதமும் அடுத்த மாதமும் நான் அனுப்புகிறேன், மச்சாளிடம் சொல்லிவிடு. அம்மாவின் சீனி வருத்தத்துக்கு இரத்தம் சோதித்து எவ்வளவு காலமாகிறது என்று எழுது. சோதித்தோம் என்று பொய் எழுதாதே, சிட்டையின் படத்தை அனுப்பு.

அன்புடன்,
அக்கா