கோடு போட்டுத் தந்த கொப்பிக்கு நன்றி

சத்திரசிகிச்சை வாட்டில் எங்களோடு நின்ற எல்லோருக்கும்,

ஐயாவின் புரொஸ்ரேற் சுரப்பியை (சலப்பைக்குக் கீழே சலவழியைச் சுற்றி இருக்கிற சுரப்பி) சுரண்டி எடுத்த சத்திரசிகிச்சையும் அதற்குப் பின் நடந்ததும் உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லத் தேவையில்லை. ஐயா வீட்டுக்கு வந்து இன்றைக்கு மூன்றாம் நாள். விடியப்புறம் தானாக எழும்பிப் போய், சலம் பெய்துவிட்டு, தானாக வந்து படுத்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி வீட்டில் எல்லோரும் முழித்துக்கொண்டுதான் கிடந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நெஞ்சு இன்னும் ஆறவில்லை, ஆறுமுன்னரே எழுதிவிடவேண்டும் என்று எழுதுகிறோம்.

வைத்திய நிபுணருக்கும், மயக்க மருந்து கொடுத்தவருக்கும், இரத்தம் தர வந்த இரண்டு தம்பிமாருக்கும், வாட்டின் தாதிய உத்தியோகத்தர்களுக்கும், இரவில் தள்ளுவண்டியோடு ஓடிய சிற்றூழியர் அண்ணைக்கும், பக்கத்துக் கட்டில்காரரின் மகனுக்கும், விடிய விடியத் தேத்தண்ணிப் போத்தலோடு வந்த அயலட்டைக்கும் முதலில் கைகூப்புகிறோம். இந்த மடலில் மிச்சம் எல்லாம் ஒரு தாதிய மாணவிக்கு. பெயர் போடவேண்டாம் என்று அவர் சொன்னபடியால் போடவில்லை. வாட்டில் நாங்கள் கூப்பிட்டதுபோல ‘பிள்ளை’ என்றே எழுதுகிறோம்.

சத்திரசிகிச்சை முடிந்து ஐயா வாட்டுக்கு வந்த அன்று பின்னேரம் பிள்ளை ஒரு அப்பியாசக் கொப்பியைக் கொண்டுவந்து தந்தார். அடிமட்டம் வைத்து ஆறு நிரல் கோடு போட்டிருந்தது: நேரம், எத்தனையாவது பாக் (சலப்பையைக் கழுவ மேலே தொங்கும் சேலைன், அதாவது உப்புத் தண்ணீர்ப் பை), உள்ளே போனது, வெளியே வந்தது, நிறம், குறிப்பு. காயத்துக்குக் கட்டும் துணியில் ஒரு கீலம் கிழித்து, கட்டில் கம்பியில் ஒரு பேனையும் கட்டிவிட்டார். “வாட்டுக் கணக்குத் தாள் எங்கட. இது உங்களுக்கு. ஆள் மாறேக்க கொப்பியையும் குடுத்திட்டுப் போங்கோ” என்றார். நாலு பேர் முறை வைத்து நின்றோம். ஒருவர் பார்த்ததை அடுத்தவர் அறியாமலே போய்க்கொண்டிருந்ததை அவர் கவனித்திருக்கிறார். ஒருவரும் கேட்காத உதவி இது.

கொப்பியின் முன்னட்டைக்கு உட்பக்கம் இன்னும் ஒன்று எழுதியிருந்தது. குழாயால் வெளியே வருவதில் எதைக் கண்டாலும் நாங்கள் நாலு பேரும் ‘சிவப்பு’ என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். எந்தச் சிவப்பு என்று அவர் அம்மாவிடம் கேட்டுக் கேட்டு, அம்மாவின் சொல்லிலேயே ஐந்து நிறம் எழுதினார். ஒன்று, இளநீர். இரண்டு, வத்தகப்பழத் தண்ணி. மூன்று, செவ்வரத்தம்பூ அவித்த தண்ணி. நாலு, பீற்றூட் சாறு. ஐந்து, நாவற்பழம். ஒன்றும் இரண்டும் என்றால் அமைதியாக இருங்கோ. மூன்று என்றால் தாதியிடம் சொல்லுங்கோ, அவர் கழுவும் தண்ணீரின் ஓட்டத்தைக் கூட்டுவார். நாலும் ஐந்தும் என்றால் அந்த நிமிசமே கூப்பிடுங்கோ. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட அம்மா அதற்குப் பிறகு ஒரு தடவைகூடப் பிழையாகச் சொல்லவில்லை.

அந்தக் கொப்பி ஏன் அவ்வளவு பெறுமதி என்பது விளங்க, கட்டிலில் தொங்கிய சாமான்கள் என்ன வேலை செய்கின்றன என்று தெரியவேண்டும். நாளைக்கு அதே வாட்டில் நிற்கப்போகிற குடும்பத்துக்காக அதையும் எழுதுகிறோம்.

புரொஸ்ரேற் சுரப்பியை உள்ளிருந்து சுரண்டி எடுத்த இடம் பச்சைப் புண். அதிலிருந்து கசியும் இரத்தம் சலப்பைக்குள் தங்கினால் கட்டிபடும். கட்டி குழாயின் கண்ணை அடைக்கும். ஆகவே தங்கவிடாமல் ஓயாமல் கழுவிக்கொண்டே இருக்கவேண்டும். அதற்குத்தான் மூன்று வழிக் கதீற்றர், சலப்பைக்குள் விடுகிற குழாய். வெளியில் பார்க்க ஒரே குழாய், உள்ளே மூன்று வழி. ஒன்றால் சேலைன் இறங்கும், ஒன்றால் கழுவின தண்ணீரும் சலமும் வெளியேறும், மூன்றாவது நுனியில் இருக்கிற பலூனை ஊத மட்டும். ஐயாவுக்குப் போட்டது 22 இலக்கம். அந்த இலக்கத்தை மூன்றால் பிரித்தால் குழாயின் வெளிவிட்டம் மில்லிமீற்றரில் வரும், ஏழுக்குக் கொஞ்சம் மேல். இவ்வளவு தடிப்பா என்று நாங்களும் பயந்தோம். ஆனால் அந்தத் தடிப்புக்குள் மூன்று வழி பங்கு போடுவதால், கட்டி வெளியேறுகிற வழிக்குக் கிடைப்பது நினைப்பதைவிடக் குறைவு. மெல்லிய குழாய் போட்டால் முதல் இரவே அடைத்துவிடும்.

பலூனுக்குள் போவது 30 மில்லிலீற்றர் அளவு கிருமி நீக்கிய தண்ணீர், சில வேளை அதற்கும் கூட. அதற்குச் சேலைன் பாவிப்பதில்லை. உப்புப் படிந்து அந்த ஊசிபோன்ற வழி அடைத்தால், எடுக்கிற நாளில் பலூன் வற்றாது. பலூன் குழாயைப் பிடித்து வைப்பதோடு இரத்தத்தையும் அமர்த்தும். குழாயை மெல்ல இழுத்துத் தொடையில் பிளாஸ்ரர் போட்டு ஒட்டினால், பலூன் சலப்பையின் கழுத்தில் இருந்து அழுத்தும். பிரெட்ரிக் ஃபோலி என்ற அமெரிக்க நிபுணர் இந்தப் பலூன் குழாயை முதலில் யோசித்ததே இப்படியான சத்திரசிகிச்சைக்குப் பின் இரத்தத்தை அடக்கத்தான் என்று வாசித்தபோது, அந்த மனுசருக்கும் மனதுக்குள் ஒரு நன்றி சொன்னோம். இழுத்து ஒட்டின காலை மடக்கினால் இழுவை தளர்ந்துவிடும், அதனால்தான் “காலை நீட்டி வையுங்கோ ஐயா” என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பாவமாக இருக்கிறதே என்று உறவினர் யாரும் பிளாஸ்ரரைத் தளர்த்தக்கூடாது. எப்போது தளர்த்துவது என்று வைத்தியர் சொல்வார்.

மேலே தொங்குவது 0.9 வீதச் சேலைன், ஒரு லீற்றருக்கு 9 கிராம் உப்பு. பச்சைத் தண்ணீர் ஏன் விடக்கூடாது என்று வாட்டில் ஒருவர் கேட்டார். புண்ணில் வாய் திறந்திருக்கிற நாளங்களால் தண்ணீர் இரத்தத்துக்குள் உறிஞ்சப்படும், வெறும் தண்ணீர் போனால் செங்குருதிக் கலங்கள் உடையும், இரத்தத்தின் உப்பும் இறங்கும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஆள் அந்தரப்பட்டால், ஓங்காளித்தால், இடம் காலம் தெரியாமல் பேசினால், மயக்க மருந்தின் வேலை என்று விட்டுவிடாமல் உடனே சொல்லவேண்டும். உப்புக் குறைந்ததன் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

மூன்று லீற்றர் பாக் இரண்டை ஒரு கவட்டுக் குழாயில் பூட்டுவார்கள். ஒரு நேரத்தில் ஒன்றின் கிளாம்ப் (குழாயை மூடித் திறக்கும் பூட்டு) மட்டும் திறந்திருக்கும். இரண்டையும் திறந்தால் இரண்டும் ஒன்றாக முடியும், மாற்றுகிற இடைவெளியில் கழுவல் நின்றுபோகும். அந்தக் கொஞ்ச நேரம் போதும் கட்டிபட. பாக் தொங்கும் உயரம் சலப்பையிலிருந்து இரண்டு, இரண்டரை அடி. வேகமாகப் போகட்டும் என்று கம்பியை உயர்த்தினால் உள்ளே அழுத்தம் ஏறும். வேகத்தைத் தீர்மானிப்பது கீழே வருகிற நிறம்தான், கடிகாரம் இல்லை. சலம் சேரும் பாக் எப்போதும் சலப்பைக்குக் கீழே, ஆனால் நிலத்தில் முட்டாமல் தொங்கவேண்டும். அது பெரும்பாலும் இரண்டு லீற்றர்தான் கொள்ளும். மேலே தொங்குவதோ மூன்று லீற்றர். நிரம்பும்வரை பார்த்திருந்தால் போக வழியில்லாமல் தண்ணீர் உள்ளே தேங்கும். முக்கால்வாசி வரமுன்னர் ஊற்றவேண்டும்.

இனிக் கணக்கு. பிள்ளை விரலை வைத்துக் காட்டிய வரி இது: உள்ளே 3000, வெளியே 3400. மிச்சம் 400 ஐயாவின் சொந்தச் சலம். வெளியே வந்தது எப்போதும் உள்ளே போனதைவிடக் கூட இருக்கவேண்டும். சமமாக வந்தாலும் யோசிக்கவேண்டும், குறைந்தால் உடனே ஆளைக் கூப்பிடவேண்டும். அளக்கும்போது சலப் பாக்கில் அச்சடித்த கோட்டை நம்பவேண்டாம், பை ஊதும்போது அது முன்பின் காட்டும். அளவுச் சாடியில் ஊற்றிப் பாருங்கோ. பாக்குக்குப் பேனையால் 1, 2, 3 என்று இலக்கம் போடுங்கோ. நித்திரைத் தூக்கத்தில் எத்தனையாவது என்று தலை மறந்துபோகும்.

முதல் இரவு 1.40க்கு எழுதிய வரியை அப்படியே தருகிறோம். “பாக் 6. உள்ளே 1000. வெளியே 450. நிறம் 3. வயிறு இறுகுது எண்டுறார்.” நிறம் மட்டும் பார்த்திருந்தால் பெரிதாக ஒன்றும் இல்லை என்று இருந்திருப்போம். எண்தான் காட்டிக்கொடுத்தது. அரை லீற்றருக்கு மேல் உள்ளே நிற்கிறது, மேலிருந்து இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. அப்படியான நேரத்தில் முதல் வேலை என்ன என்று பிள்ளை பின்னேரமே கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார்: “முதல் மேல் கிளாம்பை மூடு. பிறகு கூப்பிடு.” எங்களுக்கு விட்டிருந்த ஒரேயொரு அனுமதி அதுதான். திறக்கவோ வேகத்தை மாற்றவோ தொடக்கூடாது, மூட மட்டும். மூடாமல் ஆளைத் தேடி விறாந்தையில் ஓடுகிற நேரமெல்லாம் சலப்பை ஊதிக்கொண்டே போகும். கடுமையாக ஊதினால் வெடிக்கவும் கூடும்.

தாதி வந்து முதலில் குழாய் எங்கேயும் மடங்கிக் கிடக்கிறதா, ஐயாவின் தொடைக்குக் கீழே நசிபடுகிறதா, சலப் பாக் நிரம்பிவிட்டதா என்று பார்த்தார். மூன்றும் இல்லை. பிறகு கிருமி நீக்கிய கையுறை போட்டு, பெரிய வாய் வைத்த 50 மில்லிலீற்றர் சிறிஞ்சால் சேலைனை மெல்ல உள்ளே தள்ளி மெல்ல இழுத்தார். இரண்டு முறை ஒன்றும் வரவில்லை. மூன்றாம் முறை நாவற்பழக் கொட்டை அளவில் ஒரு கட்டி, பின்னால் இன்னும் இரண்டு. அதற்குப் பிறகு தானாக ஓடத் தொடங்கியது. ஐயாவின் கை எங்கள் கையை விட்டது. அடுத்த வரி 2.15: “வெளியே 900. நிறம் 2.”

சலப்பை சுருங்கிப் பிடிப்பதும் இதே மாதிரி வலிக்கும், அப்போது குழாயைச் சுற்றி ஈரம் கசியும், சலம் வருகிறது வருகிறது என்று ஆள் அந்தரப்படுவார். முக்கக்கூடாது. கணக்குச் சரியாக இருந்து வலி மட்டும் வந்தால் அதற்கு மருந்து இருக்கிறது. அடைப்பா பிடிப்பா என்று பிரித்துச் சொல்வதற்கும் அந்த இரண்டு நிரல்தான் உதவியது.

பிள்ளையே, நீங்கள் அதைச் சின்ன விசயம் என்றீர்கள். வருத்தக்காரருக்குப் பக்கத்தில் நிற்கிறவர்களை இடைஞ்சலாக நினைப்பது எவ்வளவு லேசு. வேலைச் சுமையில் நிற்கிறவர்களை அதற்காகக் குறை சொல்லவும் எங்களுக்கு மனம் வராது. நீங்கள் எங்களை இன்னொரு சோடிக் கண்ணாக எண்ணினீர்கள். படிக்கிற பிள்ளை, உங்களுக்கே அந்தக் கிழமை சோதினை என்று பிறகுதான் அறிந்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகும் உங்கள் நிறப்பட்டியல்தான் நடக்கிறது. இருதய வருத்தமோ சிறுநீரக வருத்தமோ ஐயாவுக்கு இல்லாதபடியால் ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரை லீற்றர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், குடிக்கிறார். மலம் இறுகி முக்கினால் புண் திறக்கும் என்பதால் பப்பாசிப்பழமும் கீரையும் தவறுவதில்லை. சைக்கிள் கொட்டிலுக்குள் பூட்டிக் கிடக்கிறது, திறப்பு அம்மாவிடம். சந்தைக்கு அதில்தான் போவேன் என்று அடம்பிடிப்பவரை ஆறு கிழமைக்கு மறிப்பது எங்கள் பொறுப்பு. பத்தாம் பன்னிரண்டாம் நாளில் புண்ணின் பொருக்குக் கழரும்போது மறுபடி கொஞ்சம் சிவக்கலாம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். தண்ணீரைக் கூட்டிக் குடித்தும் தெளியாவிட்டால், கட்டி வந்தால், சலம் நின்றுவிட்டால் நேரே ஆஸ்பத்திரி. நிறுத்தி வைத்த இரத்தத்தை மெல்லிதாக்கும் குளிசையை எப்போது தொடங்குவது என்பதையும் அவரிடமே கேட்போம், எங்கள் எண்ணத்துக்குத் தொடங்கமாட்டோம்.

ஒரு நேர்த்தி வைத்திருக்கிறோம். பிள்ளை போட்ட அதே ஆறு நிரலும், முன்னட்டையில் அம்மாவின் ஐந்து நிறமும், கடைசிப் பக்கத்தில் அந்தக் கொட்டை எழுத்து வரியும் வைத்து நாற்பது கொப்பி கோடு போடுகிறோம். அச்சுக்குக் கொடுக்கவில்லை, பேரப்பிள்ளைகள் அடிமட்டம் வைத்து இழுக்கிறார்கள். பன்னிரண்டு முடிந்துவிட்டது. ஐயாவைக் கிளினிக்குக்குக் கூட்டிவரும் அன்று, வாட்டுச் சிஸ்ரரின் அனுமதி கேட்டுத் தந்துவிட்டுப் போவோம். தீர்ந்தால் சொல்லுங்கோ.

பழைய கொப்பி எங்களிடமே இருக்கிறது. அதன் கடைசி வரி, “காலை 6.10 கதீற்றர் எடுத்தாச்சு. 9.25 தானாகப் பெய்தது 180. நிறம் 1.” அந்த வரியை ஐயா தானே எழுதினார், கட்டிலில் கட்டியிருந்த உங்கள் பேனையால். துணிக் கீலத்தோடு அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அதையும் கிளினிக் நாளில் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
ஐயாவின் குடும்பத்தார்
யாழ்ப்பாணம்