கேட்டதற்குப் பதில் வந்ததா? – தோழிக்கு ஒரு கடிதம்

மதுரை,
20-8-2025

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. ஆகஸ்ட் 15 கிராம சபை முடியட்டும், அதையும் சேர்த்து எழுதலாம் என்று தள்ளிப் போட்டேன். உன் வீட்டுக்காரருக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததைப் படித்ததும் மனம் லேசானது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடு. பேத்திக்கு ‘ழ’ இன்னும் வரவில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். வரும், அவசரப்படுத்தாதே. இங்கே நான் நலம். கொல்லை வேம்பு ஆடிக் காற்றில் ஒரு பெரிய கிளையை முறித்துப் போட்டுவிட்டது. நீயும் நானும் தேர்வுக்குப் படித்த அதே நிழல்தான். இப்போது காலை வெயில் நேராகச் சமையலறைக்குள் வருகிறது.

“நம் நாட்டில் ஜனநாயகம் தேய்கிறது என்று வெளிநாட்டு அறிக்கைகள் சொல்கின்றனவே, வாழ்நாள் முழுதும் அரசியல் அறிவியல் கற்பித்தவள் நீ, உண்மையா?” என்று கேட்டிருந்தாய். நேரான கேள்வி. எனக்குத் தெரிந்தவரை நேராகவே சொல்கிறேன்.

ஸ்வீடனில் கோத்தன்பர்க் பல்கலைக்கழகத்தில் இயங்கும், நாடுகளின் ஜனநாயகத்தை அளவிடும் வி-டெம் நிறுவனம் 2021 அறிக்கையில் இந்தியாவைத் ‘தேர்தல்வழி எதேச்சாதிகாரம்’ என்ற பிரிவில் வைத்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் ஃப்ரீடம் ஹவுஸ் அமைப்பு இந்தியாவைச் ‘சுதந்திரமான நாடு’ என்ற இடத்திலிருந்து ‘ஓரளவு சுதந்திரமான நாடு’ என்று இறக்கியது. அரசு இரண்டையும் மறுத்தது. அந்நியர்கள் என்ன சொல்வது என்று இவற்றை ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் வரவில்லை. பத்திரிகை, நீதிமன்றம், தேர்தல், கூட்டம் கூடும் உரிமை என்று ஒவ்வொன்றைப் பற்றியும் வல்லுநர்களிடம் ஆண்டுதோறும் கேட்டுத் திரட்டும் மதிப்பீடு அது. தொடர்ந்து கீழே போகிறது என்றால் கவலைப்படத்தான் வேண்டும். ஆனால் தாலுகா அலுவலகத்து மழைமானி எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று மட்டும்தான் சொல்லும். எந்தக் கண்மாய் நிறைந்தது, எந்த மடை அடைத்துக் கிடக்கிறது என்று அறிய வேண்டுமானால் கரையில் நடந்துதான் ஆக வேண்டும். பணி ஓய்வுக்குப் பிறகு நான் அந்தக் கரையில்தான் நடந்துகொண்டிருக்கிறேன்.

என்னிடம் படித்த நான்கு பெண்களும் நானும் கிராம சபைகளுக்குப் போகிறோம். முன்பு ஆண்டுக்கு நான்கு முறை கூடும். 2022-லிருந்து உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-உம், உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1-உம் சேர்ந்து ஆறாகிவிட்டன. அங்கே பேசப்படுவதைச் சொல் விடாமல் எழுதிக்கொள்கிறோம். பிறகு ஒரு நீள நோட்டில் ஐந்து கட்டம் போட்டு நிரப்புகிறோம்: யார் பேசினார், என்ன கேட்டார், எவ்வளவு நேரம், யார் பதில் சொன்னார், கேட்டதற்குத்தான் பதில் வந்ததா. கடைசிக் கட்டத்தை நிரப்பும்போதுதான் எங்களுக்குள் சண்டை வரும். ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்பது பதிலா? இரண்டு பெண்கள் பதில்தான் என்றார்கள். யார் எடுப்பார், எப்போது எடுப்பார் என்பது அதில் இல்லாவிட்டால் பதில் இல்லை என்றே எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அதுவே இப்போது விதியாகிவிட்டது.

வழி காட்டியவர்கள் வேறு. பொருளியலாளர் விஜயேந்திர ராவும் அவருடன் பணியாற்றியவர்களும் தென்னிந்தியாவின் நான்கு மாநிலங்களில் ஏறத்தாழ 300 கிராம சபைகளை ஒலிப்பதிவு செய்து, எழுத்தில் வடித்து ஆராய்ந்தார்கள். ஏழைகள் கூடிப் பேசுவதை இப்படி ஆதாரமாக மதித்துப் படித்தவர்கள் குறைவு. தமிழ்நாட்டுச் சபைகளை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தக் குழுவினர் 2019-ல் வெளியிட்ட கட்டுரையை நான் பலமுறை படித்தேன். ஆண்களைவிடப் பெண்கள் பேசுவது குறைவு. எதைப் பேசுவது என்பதைத் தீர்மானிப்பதும் குறைவு. பேசினாலும் அதிகாரிகளிடமிருந்து பொருத்தமான பதில் கிடைப்பது குறைவு. தலைவர் பதவி பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் மட்டும் பெண்ணின் பேச்சுக்குச் செவி கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது. நாம் வீட்டிலும் ஆசிரியர் அறையிலும் காலமெல்லாம் கண்டதுதான் என்று நீ சொல்வாய். கண்டோம், எண்ணவில்லை. எண்ணி எழுதியதை எடுத்து நீட்டினால், ‘உனக்கு அப்படித் தோன்றுகிறது’ என்று யாரும் சொல்ல முடியாது.

இனி ஆகஸ்ட் 15-ஐச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்த பிறகு, பள்ளிக்கூடத்தை ஒட்டிய மந்தையில் பந்தல் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆண்கள். பின்னால் ஜமுக்காளம், பெண்கள். சபை தொடங்கும் முன்பே கையெழுத்துப் பதிவேடு ஜமுக்காளத்தைச் சுற்றி வந்துவிட்டது. மக்கள்தொகை 500-க்கு மேல் 3,000 வரை உள்ள ஊராட்சியில் சபை செல்லுபடியாக 100 பேர் வர வேண்டும். அந்த நூறை நிரப்புபவர்கள் பெரும்பாலும் நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள். கையெழுத்துப் போட்டதும் அவர்களுடைய வேலை முடிந்தது என்றுதான் முன்வரிசை நினைக்கிறது. செயலர் வரவு செலவை மூச்சு விடாமல் படித்தார். எனக்கே பாதி எண்கள் பிடிபடவில்லை.

அப்போது காலனித் தெருவிலிருந்து வந்த ஓர் அம்மா எழுந்தார். அறுபது வயது இருக்கும். தெருக்குழாயில் நான்கு நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வருகிறது, அதுவும் நடுச்சாமத்தில் என்றார். “மனு எழுதிக் கொடுங்கள்” என்றார் அதிகாரி. அந்த அம்மா இடுப்பிலிருந்த சுருக்குப் பையைத் திறந்தார். அதற்குள் ஒரு நெகிழிப் பை, அதற்குள் நான்காக மடித்த மூன்று தாள்கள். மூன்று மனுக்களுக்கும் வாங்கிய ஒப்புகைச் சீட்டுகள். மடிப்பு பிரிந்து நைந்திருந்ததால் ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்து நீவி நீவி விரித்தார். அவர் மூன்றாவதை விரிப்பதற்குள் முன்வரிசையிலிருந்து ஒருவர் சாக்கடைப் பாலம் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். அதிகாரியும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பாலம் பற்றிய பேச்சு பதினோரு நிமிடம் ஓடியது. அந்த அம்மா அவ்வளவு நேரமும் சீட்டுகளைக் கையில் பிடித்தபடி நின்றார்.

இதுவரை நடந்ததை நான் எத்தனையோ சபைகளில் எழுதியிருக்கிறேன். அதற்கு மேல் நடந்தது புதிது. ஜமுக்காளத்தின் கடைசியிலிருந்து இன்னொரு பெண், உட்கார்ந்தபடியே, “அந்த அம்மா கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு அடுத்ததைப் பேசுங்கள்” என்றார். பக்கத்தில் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். பந்தல் அமைதியானது. அதிகாரி சீட்டுகளை வாங்கிப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டரை அழைத்து விசாரித்தார். காலனிக்குப் போகும் குழாய் வழியில் அடைத்திருக்கிறது, பத்து நாளில் தோண்டி மாற்றித் தருகிறோம் என்றார். செயலர் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை அந்தப் பெண்கள் எழுந்திருக்கவில்லை.

அந்தக் கடைசி வரிசைப் பெண்ணுக்கு அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும், தோழி. ஜூன் மாதம் ஒரு சாயங்காலம், நூறு நாள் வேலை முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய பிறகு, அந்தக் காலனியின் அரசமரத்தடியில் உட்கார்ந்து எங்கள் நோட்டைப் படித்துக் காட்டினோம். ஜனவரியிலும் மே மாதத்திலும் அவர்களுடைய சபையில் அவர்களே பேசியது. முதலில் சிரிப்பும் வெட்கமுமாக இருந்தது. “நான் இவ்வளவு பேசினேனா?” என்று ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ‘பதில் இல்லை’, ‘பதில் இல்லை’ என்று வரிசையாகப் படித்துக்கொண்டே போனேன். “கேட்டவள் பேரையும் எழுதியிருக்கிறீர்கள், பதில் சொல்லாதவர் பேரையும் எழுதியிருக்கிறீர்களா?” என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். எழுதியிருந்தோம். அதையும் படிக்கச் சொன்னாள்.

நான் மதிக்கிற சக ஆசிரியர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “தரவைக் கெடுத்துவிட்டீர்கள். நீங்கள் படித்துக் காட்டியதால்தான் அவர்கள் மாறினார்கள், இனி அந்த ஊரை ஆய்வில் சேர்க்க முடியாது” என்றார். முறையியல்படி அவர் சொல்வது சரி. அந்த ஊரைத் தனியாகப் பிரித்துத்தான் எழுதப்போகிறேன். ஆனால் படித்துக் காட்டியது தவறு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதற்குக் காரணம் நீ அறிந்ததுதான். 1996 உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு எம்.ஃபில். ஆய்வுக்காக மேலூர்ப் பக்கம் வினாப்படிவத்துடன் அலைந்தேனே, நீகூட இரண்டு நாள் உடன் வந்தாய். வீட்டுக்கு வீடு மோரும் கடலையும் கொடுத்து, வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து பேசினார்கள். ஆய்வேடு கட்டடமாகி நூலக அலமாரிக்குப் போனது. நான் அந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. பல ஆண்டு கழித்து பஸ் நிலையத்தில் ஒரு பெரியவர் என்னை அடையாளம் கண்டு, “அன்றைக்கு நாங்கள் சொன்னதெல்லாம் என்னம்மா ஆயிற்று?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னால் வாய் திறக்க முடியவில்லை. இந்த நோட்டு அவருக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில்.

மேலூர் என்றதும் மேலவளவு நினைவுக்கு வராமல் இருக்குமா? பட்டியல் சாதியினருக்கான தனித்தொகுதியாக்கப்பட்ட அந்த ஊராட்சியில் வென்று தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று இன்னும் ஐந்து பேருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாப்பட்டியிலும் கீரிப்பட்டியிலும் பட்டியல் சாதித் தலைவர் ஒருவர் பதவியில் அமர்ந்து நிலைக்க 2006 அக்டோபர்வரை, பத்து ஆண்டுகள், ஆயிற்று. அந்தக் காலமெல்லாம் நாடு ஜனநாயக நாடுதான், அதில் பெரும்பாலான ஆண்டுகள் அட்டவணைகளிலும் நல்ல இடம்தான். உத்திரமேரூர்க் கல்வெட்டைக் காட்டிப் பெருமைப்படுபவர்களிடமும் நான் இதைச் சொல்வதுண்டு. பராந்தகன் காலத்துக் குடவோலை முறை நமக்கு அரிய செல்வம். கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் விலக்கிவைத்த அந்த விதிகள் இன்றும் வேண்டும். ஆனால் அந்தக் குடத்தில் பெயர் விழ நிலமும் வேதக் கல்வியும் இருக்க வேண்டும். சுருக்குப் பை அம்மாவின் முன்னோர் பெயர் அதில் விழுந்திருக்காது.

இப்போதைய குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு ஜனவரி 5-ஆம் தேதியோடு 27 மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்துவிட்டது. தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் பொறுப்பில் இருக்கிறார்கள். 2016-க்குப் பிறகும் மூன்று ஆண்டு இப்படித்தான் கழிந்தது. சுருக்குப் பை அம்மாவின் ஊரில் முன்பு தலைவராக இருந்தவர் ஒரு பெண். கூட்டத்தில் பெரும்பாலும் அவருடைய கணவர்தான் பேசுவார், அதை மறைக்கவில்லை. ஆனாலும் நடுவே, “அக்கா தண்ணீர் பற்றி ஏதோ கேட்டார்களே” என்று அந்தத் தலைவி எடுத்துக் கொடுத்த இடங்கள் எங்கள் பழைய நோட்டில் இருக்கின்றன. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-ல் சட்டம் செய்தோம். இன்று அந்த மாவட்டங்களில் அந்தப் பாதி எங்கே உட்கார்ந்திருக்கிறது? ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வந்த முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பதும், மாற்றலாகிப் போகக்கூடிய அதிகாரியிடம் கேட்பதும் ஒன்றில்லை. உன் கேள்விக்கு என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்த ‘ஆம், தேய்கிறது’ இதுதான். இதற்கு வெளிநாட்டு அறிக்கை தேவையில்லை.

இன்று காலை அந்தக் கடைசி வரிசைப் பெண் போன் செய்தார். காலனி முனையில் பள்ளம் தோண்டிவிட்டார்களாம், குழாய் இன்னும் வந்து இறங்கவில்லையாம். “கட்டத்தில் எழுதிவிடாதீர்கள் டீச்சர், தண்ணீர் வந்த பிறகு சொல்கிறேன்” என்றார். அந்தக் கட்டத்தைப் பென்சிலால் மட்டும் குறித்து வைத்திருக்கிறேன்.

அக்டோபரில் அடுத்த சபை. நீ இரண்டு நாள் முன்னதாகவே பெங்களூரிலிருந்து வந்துவிடு. எழுத ஓர் ஆள் குறைகிறது, உன் கையெழுத்து அப்போதே என்னுடையதைவிடத் தெளிவு. ஜமுக்காளத்தில் உட்கார முடியுமா என்று மட்டும் முன்கூட்டியே எழுது.

உன் அன்புத் தோழி