ரோட்டில் நெல் காயப்போடாத எல்லோருக்கும்

மேலத்தெரு, கீழத்தெரு, வாய்க்கால் அக்கரை என்று எல்லா வீட்டாருக்கும் வணக்கம். சம்பா அறுவடை முடிந்து கடைசி மூட்டையும் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விட்டது. மன்னார்குடி ரோட்டிலிருந்து நம் ஊருக்குப் பிரிகிற இரண்டரை கிலோமீட்டரை நேற்றுச் சாயங்காலம் தம்பியோடு நடந்தே பார்த்தேன், ஒரு இடத்தில்கூடக் கருங்கல் கிடக்கவில்லை. அதைப் பார்த்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

போன வருடம் தை மாதம் அதே ரோட்டில்தான் தம்பி விழுந்தான். காயப்போட்ட நெல்மேல் வண்டி ஏறாமலிருக்கச் சுற்றிக் கல் வைத்திருந்தார்கள். நெல்லை அள்ளிக்கொண்டு போனவர்கள் கல்லை அள்ளவில்லை. இரவு எட்டரை மணிக்கு வேலை முடிந்து வந்தவனுக்கு இருட்டில் கல் தெரியவில்லை. கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து நாலு மாதம் படுக்கையில் இருந்தான். யார் கல் என்று அன்றைக்கும் நான் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கப்போவதில்லை, ஏனென்றால் அதற்கு முந்தின வருடம் எங்கள் நெல்லும் அதே ரோட்டில்தான் காய்ந்தது, எங்கள் கல்லும் அங்கேதான் கிடந்தது.

நெல்லை ஏன் ரோட்டில் போடுகிறோம் என்று வெளியூர்க்காரர்கள் சுலபமாகக் கேட்டுவிடுவார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள், அரசு அந்த அளவைத் தளர்த்தி அறிவித்தால்தான் உண்டு. பனி பெய்கிற மாதத்தில் மண் களத்தில் நெல் எப்போது காய்வது? தார் ரோடு சூடாக இருக்கிறது, வாசலிலேயே இருக்கிறது. அதனால் யாரையும் குறை சொல்ல எனக்கு மனசு வராது. இந்த வருடம் அந்தச் சௌகரியத்தை விட்டுக்கொடுத்தீர்களே, அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

முதல் நன்றி கீழத்தெரு பெரியப்பாவுக்கு. மே 1 கிராமசபையில் நான் அழுதுகொண்டே பேசியபோது எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள், அவர்தான் எழுந்து, "என் தென்னந்தோப்புக்குப் பக்கத்துத் திடல் சும்மாதானே கிடக்கு, அங்க போட்டுக்கங்க" என்றார். சொன்னதோடு விடாமல் புல்லைச் செதுக்கி, மேடு பள்ளம் நிரவி, இரவுக்காவலுக்கு ஒரு விளக்கும் போட்டுக்கொடுத்தார். கோயில் வாசலையும் திறந்துவிட்டார்கள். திடலில் ஒரு நாள் கூடுதலாகக் காயவேண்டியிருந்தது, தார்ப்பாய் வாடகை ஆனது, ஆனாலும் யாரும் ரோட்டுக்குத் திரும்பவில்லை.

அடுத்து டிராக்டர் ஓட்டும் தம்பிகள் மூன்று பேருக்கும். சேற்றில் உழுதுவிட்டு, அதற்காக மாட்டுகிற கேஜ் வீல் என்ற இரும்புச் சக்கரத்தோடு அப்படியே தார் ரோட்டில் ஏறி அடுத்த வயலுக்குப் போவதுதான் இத்தனை வருட வழக்கம். அந்த இரும்புப் பட்டை தாரைக் கொத்திக்கொண்டே போகும், ஒவ்வொரு கொத்திலும் மழைத்தண்ணீர் இறங்கும், தண்ணீர் இறங்கினால் ஜல்லியை விட்டுத் தார் பிரிந்துவிடும், அப்புறம் ஐப்பசி மழைக்குப் பிறகு அது குழி. போன ஆவணி உழவில் நீங்கள் ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டினீர்கள். அதில் அரை மணி நேரம் போகும், அரை மணி என்பது உங்களுக்குப் பணம். குறுக்கே கடக்க மட்டும் வேண்டியிருந்த இடத்தில் பழைய டயரை வரிசையாகப் போட்டு அதன்மேல் ஏற்றினீர்கள். டயர் கொடுத்த பஞ்சர் கடை அண்ணனுக்கும் நன்றி.

இந்த ரோடு பிரதம மந்திரி கிராம சாலைத் திட்டத்தில் போட்டது, ஐந்து வருடம் ஒப்பந்தக்காரர்தான் பராமரிக்கவேண்டும் என்று ஊர் முகப்பில் பலகையே இருக்கிறது. சரி, அவர் செய்யவேண்டியதை அவரிடம் கேட்போம், கேட்டுக்கொண்டேதான் இருக்கிறோம். ஆனால் நாம் கேஜ் வீலால் கிழித்ததையும் மண்வெட்டியால் வெட்டியதையும் அவர் கணக்கில் எழுத முடியாது இல்லையா.

மண்வெட்டி என்றதும் ரோட்டோரம் வயல் வைத்திருக்கிறவர்கள் நினைவுக்கு வருகிறார்கள். வரப்புக் கழிக்கும்போது ரோட்டோரத்து மண்ணில் வருடம் ஒரு சாண் உள்ளே போய்விடும், யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, கை பழக்கம். அந்த மண்தான் தாரின் விளிம்பைத் தாங்குகிறது. மொத்த அகலமே பன்னிரண்டு அடி, பஸ் வந்தால் பைக் அந்த மண்ணில்தான் இறங்கவேண்டும். இந்த வருடம் இரண்டு பேர் வெட்டின இடத்தை வண்டி மண் அடித்துத் திரும்ப நிரப்பியிருக்கிறார்கள், யாரும் சொல்லாமலேயே.

அக்கரையில் புது வீடு கட்டுகிற அண்ணன் தண்ணீர்க் குழாய்க்கு ரோட்டை வெட்டாமல், அடியில் துளை போட்டுக் குழாயைத் தள்ளினார். செலவு கூடத்தான். வெட்டி மூடின இடம் நம் களிமண்ணில் ஒரே மழையில் உட்கார்ந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

வளைவில் கண்ணை மறைத்த சீமைக்கருவையை வெட்டி, குழாய்ப் பாலத்து அடைப்பையும் எடுத்த நூறு நாள் வேலை அக்காக்களுக்கு நான் தனியாக வந்து சொல்கிறேன், எழுத்தில் சொன்னால் போதாது. முள் குத்திய கையோடு வேலை செய்தீர்கள். கார்த்திகையில் அத்தனை மழை பெய்தும் ரோட்டின்மேல் தண்ணீர் நிற்காமல் வாய்க்காலுக்கு ஓடியது அதனால்தான். பாலத்துச் சுவருக்கு வெள்ளையடித்து, இரவில் மின்னும் ஸ்டிக்கர் ஒட்டிய பள்ளிக்கூடப் பிள்ளைகளே, பஸ் டிரைவர் உங்களை விசாரித்தார்.

இன்னும் ஒன்று பாக்கி. குறுவை அறுப்பு புரட்டாசியில் வரும், அப்போது மழையும் சேர்ந்து வரும், திடல் சேறாகிவிட்டால் ரோட்டைத் தவிர வேறு இடம் இல்லை என்று தோன்றும். சிமெண்ட் களம் கேட்டு அடுத்த கிராமசபையில் தீர்மானம் வைக்கப்போகிறேன், எல்லோரும் வாருங்கள். அதுவரைக்கும் எங்கள் திண்ணையில் நாலு தார்ப்பாய் வாங்கி வைத்திருக்கிறோம், வாடகை வேண்டாம். தம்பி பகல் முழுக்க வீட்டில்தான் இருக்கிறான், அவனிடம் சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.