மருந்தடித்த மலையில் வல்லாரை பறிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மழை விட்டதும் தேயிலைச் செடிகளின் அடியிலும் கான் (வடிகால்) ஓரங்களிலும் வல்லாரை செழித்துப் படர்கிறது. வேலை முடிந்து வரும்போது மடி நிறையப் பறித்து வருவதும், கட்டுக்கட்டிச் சந்தையில் விற்பதும் மலையகத்தில் வழக்கம். அங்கேதான் ஆபத்து.

தேயிலை மலைகளில் அடிக்கும் கிளைபோசேட் களைகொல்லி இலங்கையில் 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் அனுமதிக்கப்பட்டது; 2022இல் தடை நீக்கப்பட்டது. இது இலை வழியே உள்ளே போய், சாற்றோடு வேர்வரை இறங்கும். அதனால் எத்தனை தண்ணீரில் அலசினாலும் போகாது, வேகவைத்தாலும் அழியாது. மருந்து பட்ட செடி மஞ்சளாகி வாடவே ஒரு கிழமைக்கு மேலாகலாம், நுவரெலியா போன்ற குளிர்ப் பகுதிகளில் இன்னும் தாமதமாகும். இலை பச்சையாக இருக்கிறதே என்று நம்பிப் பறிப்பவர்கள் ஏமாறுவது இதனால்தான். கான் ஓரத்து வல்லாரையில் வேறு தொல்லை: லயத்து (தொழிலாளர் குடியிருப்பு) கழிவுநீரோடு வரும் புழு முட்டைகள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் அட்டையும் பூச்சியும் கழன்றுவிடும், முட்டைகள் சாகா. அந்த இலையில் பச்சைச் சம்பல் போடவே கூடாது.

வல்லாரையின் மருத்துவக் குணத்துக்கு முக்கிய காரணம் ஏசியாட்டிகோசைட், மடிகாசோசைட் என்ற சேர்மங்கள். காயம் ஆறும்போது கொலாஜன் என்ற புரதம் உருவாக இவை உதவுகின்றன. ஞாபகசக்திக்கு நல்லது என்பதற்கு அவ்வளவு உறுதியான ஆதாரம் இல்லை. செறிவூட்டிய வல்லாரை மாத்திரைகளை வாரக்கணக்கில் விழுங்கிய சிலருக்கு ஈரல் அழற்சி ஏற்பட்டிருக்கிறது. ஈரல் நோயாளிகள் அவற்றைத் தொடாமலிருப்பதே நல்லது.

வீட்டிலேயே வளர்ப்பது சுலபம். அடியில் துளையிட்ட பழைய பேசினில் மண்ணும் மக்கிய மாட்டெருவும் சமமாக நிரப்பி, இரண்டு கணுவுள்ள கொடித்துண்டுகளை ஒரு சாண் இடைவெளியில் வையுங்கள். கணு மண்ணுக்குள் பதிய வேண்டும், இல்லாவிட்டால் வேர் பிடிக்காது. அரைநிழல் போதும், கடும் வெயிலில் இலை சிறுத்துத் தடித்துவிடும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பறிக்கலாம். பிடுங்காமல் காம்போடு வெட்டினால் மறுபடி துளிர்க்கும்.

இலைக்கஞ்சிக்கு, சிவப்புப் பச்சையரிசி குழைய வெந்த பிறகே அரைத்த சாற்றை ஊற்றி, மூடாமல் இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்க வேண்டும். அதிக நேரம் கொதித்தால் பச்சையம் சிதைந்து கஞ்சி பழுப்பாகும், விற்றமின் சி-யும் குறையும்.

தோட்ட நிர்வாகங்களிடம் ஒரு கோரிக்கை. எந்த மலையில், எந்தத் திகதியில் மருந்தடித்தீர்கள் என்பதைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிப் போடுங்கள். அந்தப் பலகை ஒரு மாதமாவது அங்கே தொங்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
தலவாக்கலை