ஔவையாருக்கு அப்பாலும் கே.பி.சுந்தராம்பாள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கே.பி.சுந்தராம்பாள் என்றதும் நரைத்த தலையும் கையில் கோலுமாக வரும் ஔவையாரை மட்டுமே நினைவுகூர்வது நம் வழக்கமாகிவிட்டது. 1953இல் 'ஔவையார்' படம் வெளிவந்தபோது அவருக்கு வயது நாற்பத்து நான்குதான்; அதற்கு முந்தைய நாடக வாழ்க்கையைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதே என் வருத்தம்.

கொடுமுடியில் வறுமையில் பிறந்து, சிறுமியாக ரயிலில் பாடிப் பிழைத்தவர், ஒலிபெருக்கி இல்லாத நாடகக் கொட்டகையின் கடைசி வரிசைவரை கேட்கும்படி பாடிப் பழகிய குரலோடுதான் திரைக்கு வந்தார். ஒவ்வொரு சொல்லும் உடையாமல், மெய்யெழுத்துக்கூடத் தேயாமல் உச்சத்தில் நிற்கும் அந்தப் பாட்டுமுறை மேடை தந்த கொடை. 1933இல் கணவர் எஸ்.ஜி.கிட்டப்பா இளவயதிலேயே மறைந்தபின் வெள்ளைச் சேலையும் நெற்றி நிறைந்த திருநீறுமாகவே வாழ்ந்த அவர், எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற உறுதியையும் கைவிடவில்லை. 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் ஆண் வேடமேற்று நந்தனாராகவே நடித்தார். அதற்கு அவர் பெற்ற ஒரு லட்சம் ரூபாய் அக்காலத்தில் எவரும் எண்ணிப் பாராத தொகை. பின்னாளில் சட்டமன்ற மேலவை உறுப்பினராகவும் இருந்தார். 'துணைவன்' படப் பாடலுக்காகத் தேசிய விருது பெற்றபோது அறுபதைக் கடந்திருந்தார்.

அவருடைய பழைய நாடக இசைத்தட்டுகள் தேய்ந்து அழியும் முன், அந்த மேடைக்காலத்தைப் பற்றித் தங்கள் நாளிதழ் விரிவானதொரு தொடரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி